இன்டிமிடேட்: ஒரு சொல்லும் மூன்று பிடி மண்ணும்

சாட்சிக் கூண்டுக்குள் நின்று பார்த்தால் கோர்ட்டு வேறு மாதிரித் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கூண்டுக்கு இரண்டடி தள்ளி நின்று மொழிபெயர்த்தவன் நான். அந்த இரண்டடியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது அன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

கைப்பிடி மரம் வழவழவென்று இருந்தது. எத்தனையோ பேர் வியர்த்த கையால் பிடித்துப் பிடித்துத் தேய்த்த மரம். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் காற்று மாஜிஸ்திரேட்டுக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் மட்டும்தான், கூண்டுக்கு வராது. இத்தனை காலமும் சாட்சிகள் பயத்தில் வியர்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பாதி வியர்வைக்கு விசிறிதான் காரணம்.

சத்தியம் செய்யச் சொன்னார்கள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்திருப்பேன்! தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் முறை வந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குமாஸ்தா பார்த்தார், மாஜிஸ்திரேட் பார்த்தார், குற்றவாளிக் கூண்டிலிருந்து அஞ்சலை பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்த பெண் குழந்தை மட்டும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பினாங்கில் ஒரு கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன், தான் வேலை பார்க்கும் வழக்கிலேயே சாட்சியாக ஏறியது அதுதான் முதல் தடவை என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யாக இருக்கலாம். எனக்குத் தெரிந்து வேறு யாரும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

நான் ஏறியது ஓர் ஆங்கிலச் சொல்லுக்காக.

சொல் பொறுக்கி

சென்ற வாரம் என் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்குக் கப்பலேறி வந்தவர். அவர் எனக்கு விட்டுப் போன சொத்து இரண்டு: குடை, ஆங்கிலம். குடையை நான் தொலைத்துவிட்டேன்.

ஆங்கிலத்தைத் தொலைக்கவில்லை. மற்றவர்கள் தபால்தலை சேர்ப்பது போல நான் சொற்களைச் சேர்த்தேன். கறுப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் கோட்டுப் பையில் இருக்கும். கோர்ட்டில் வக்கீல்கள் வாயிலிருந்து புதிய சொல் எது விழுந்தாலும் பொறுக்கிக்கொள்வேன். மாலையில், எனக்குப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக் கொடுத்த பாதிரியாரிடம் போய் அதன் பூர்வீகத்தைக் கேட்பேன். அவருக்குக் காது மந்தம். இருவரும் கத்துவதைத் தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

பயமுறுத்துவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் மட்டும் என் நோட்டில் இரண்டு பக்கம் வந்தன.

ஸ்கேர் என்பது சின்னப் பயம். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து 'பே' என்று கத்தினால் வருவது. ஃப்ரைட்டன் வீட்டுச் சொல். நாய் துரத்தினாலும் சரி, இடி இடித்தாலும் சரி, யாரும் எங்கும் சொல்லலாம். டெரிஃபை என்றால் கைகால் உதறி வாயடைத்துப் போக வேண்டும். நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அது பொருந்தும். அதை எடுத்துக் கரப்பான் பூச்சிக்குச் சொல்கிற துரைசானிகளும் உண்டு.

இன்டிமிடேட் வேறு ரகம். ஒரு பெரிய வழக்கில் வெள்ளைக்கார வக்கீல் ஒருவர் மேஜையைத் தட்டி அந்தச் சொல்லைச் சொன்னார். கடைகளை மிரட்டிக் காரியம் சாதித்த ஒரு கும்பலைப் பற்றிய வழக்கு அது. நான்கு அசை. சொல்லும்போதே மார்பு நிமிர்ந்துவிடும். எனக்கு அன்றே அந்தச் சொல்லின்மேல் காதல் வந்துவிட்டது.

பாதிரியார் அதன் குலம் கோத்திரம் எல்லாம் சொன்னார். லத்தீனில் டிமிடஸ் என்றால் பயந்த சுபாவக்காரன். ஆங்கிலத்து டிமிட் அதன் பேரன், கல்யாண வீட்டில் மூலையில் ஒதுங்கி நிற்கிறவனைக் குறிக்கும் சாதுவான சொல். அதற்கு முன்னால் 'இன்' என்ற துண்டைச் சேர்த்தால் உள்ளே என்று ஆகும். பயத்தை வெளியிலிருந்து கொண்டுபோய் ஒருவனுக்குள்ளே வைப்பதுதான் இன்டிமிடேட் என்றார். சும்மா வைப்பதும் இல்லை. தன் காரியம் ஒன்று நடக்க வேண்டும் என்று வைப்பது. நாய்க்கும் இடிக்கும் அந்தச் சொல் ஏன் அவ்வளவாக ஒட்டவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஒரு மாதம் கண்ட இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை உபயோகித்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நேரம் கழித்துப் போனேன். என் மனைவி பாக்கியம் அகப்பையோடு வாசலில் நின்றாள். நீ என்னை இன்டிமிடேட் செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சோறு வேண்டாமெண்டால் தமிழிலை சொல்லுங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் பானையை மூடினாள். அதோடு வீட்டில் அந்தச் சொல்லை நிறுத்திக்கொண்டேன். வெளியில் நிறுத்தவில்லை. அங்கேதான் வந்தது வினை.

மண்டோர் கோவிந்தன்

அந்தக் காலத்தில் கெலுகோர் போகிற வழியில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு கண்ட்ராக்டரின் ஆட்கள் சல்லி உடைத்துத் தார் போட்டார்கள். ஆட்களுக்கு லயன்கள் என்கிற, ஓலை வேய்ந்த வரிசைக் குடிசைகள். அவர்களை மேய்க்க ஒரு மண்டோர், பெயர் கோவிந்தன். மண்டோர் என்றால் மேஸ்திரி, கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பதும் அவன்தான், கெடுப்பதும் அவன்தான்.

ஒரு நாள் முற்பகலில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. அங்கே இருக்கிற மொழிபெயர்ப்பாளர் லீவு, ஒரு தமிழர் புகார் கொடுக்க வந்திருக்கிறார், கொஞ்சம் வந்து போக முடியுமா என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

கோவிந்தன் ஆறடி உயரம். மீசை இரண்டு பக்கமும் முறுக்கி நின்றது. ஆனால் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, மூணு நாளாச் சோறு எறங்கலீங்க" என்றான். "கண்ண மூடுனா அவ தலைய விரிச்சிக்கிட்டு நிக்கிறதுதான் தெரியுது. வாசல்ல வந்து மண்ண வாரி விட்டுட்டா. பயமா இருக்குங்க. அந்தப் பொம்பள என்னைப் பயமுறுத்திட்டா."

கோர்ட்டு வழக்கப்படி, பேசுகிறவன் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவனும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே நான் ஆறடி மண்டோராக மாறி இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: அந்தப் பெண் என்னை இன்டிமிடேட் செய்துவிட்டாள்.

ஃப்ரைட்டன் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது அதைத்தான். நாய்க்கும் இடிக்கும் போதுமான அந்த வீட்டுச் சொல் அவனுடைய பயத்துக்கும் போதும். ஆனால் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் முன்னால் நான்கு அசைச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு அசைச் சொல்லை யாராவது எடுப்பார்களா?

இன்ஸ்பெக்டரின் பென்சில் நின்றது.

"அப்படியா சொல்கிறான்? இன்டிமிடேட் என்றா?"

"அதுதான் சாராம்சம், ஸார்."

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். பெண்பிள்ளை ஒருத்தி மண்ணை எறிந்தாள், ஒருவன் பயந்தான் என்றால் அவர் சிரித்துவிட்டு அனுப்பியிருப்பார். பயந்ததற்கெல்லாம் சட்டம் கிடையாது. இன்டிமிடேட் செய்ததற்கு உண்டு.

"உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது" என்று அவர் வாசல்வரை வந்து சொன்னார். நான் தங்கச் சங்கிலி பரிசு வாங்கினவனைப் போல வீட்டுக்குப் போனேன். என்னைப் பாராட்டியதைப் பாக்கியத்திடம் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று பிடி மண்

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இளைஞர்களில் பலர் மண்ணை வாரி விடுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

யாரும் எப்போதும் செய்கிற காரியம் இல்லை அது. சண்டையில் கல் எடுத்து எறிவது போலவும் இல்லை. எல்லாக் கதவும் சாத்திப் போனவர்கள் செய்வது. பெரும்பாலும் பெண்கள்தான். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடியாமல், தனக்குத் தீங்கு செய்தவன் வாசலில் போய் நிற்பாள். நடந்தது என்ன என்பதை ஊர் கேட்கச் சொல்வாள். பிறகு தெருமண்ணை மூன்று பிடி அள்ளி அவன் வீட்டை நோக்கி விடுவாள். சாமிக்கு விட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. சொல்வது பொய்யாக இருந்தால் மண் விட்டவள் தலையிலேயே விடியும் என்பது நம்பிக்கை. அதனால் கோபத்தில் துள்ளுகிற பெண்கூட அந்த இடத்துக்கு வந்ததும் கையை மடக்கிக்கொள்வாள். நிச்சயமாகத் தெரிந்தவள் மட்டுமே குனிந்து அள்ளுவாள்.

அஞ்சலை அள்ளினாள். அவள் புருஷன் கோவிந்தனின் கீழ் சல்லி உடைத்தவன். ஒரு நாள் காய்ச்சலில் பாயோடு கிடந்தான். கோவிந்தன் வந்து பாயை இழுத்து எழுப்பி வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். உச்சி வெயிலில், தார் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் காய்ச்சல்காரன் விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

கண்ட்ராக்டர் வந்து கேட்டார். "கள்ளுங்க தொரை. காலையிலயே குடிச்சிட்டு வந்துட்டான்" என்று கோவிந்தன் சொல்லிவிட்டான். லயன் முழுக்க அந்தப் பேச்சே பரவியது. அஞ்சலையின் புருஷன் கள்ளைத் தொடாதவன். அவன் செத்ததைக்கூட அவள் வாய் திறக்காமல் தாங்கியிருப்பாள் போலிருக்கிறது. குடித்துச் செத்தான் என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் ஸ்டேஷனில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. சொல் நன்றாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

குற்றப்பத்திரிகையில் என் சொல்

அடுத்த வாரம் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை என் கைக்கு வந்தது. முதல் வரியிலேயே என் நான்கு அசையும் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். குற்றவாளிக் கூண்டில் ஒரு சின்ன உருவம். கம்பிக்கு மேலே அவள் கண்ணும் குழந்தையின் தலையும்தான் தெரிந்தன.

குற்றச்சாட்டைத் தமிழில் அவளுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. "மண்டோர் கோவிந்தனை மிரட்டினாய் என்று உன்மேல் குற்றம். ஒப்புக்கொள்கிறாயா?"

அவள் என்னையும் கோவிந்தனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா சாமி? அவனையா?"

"ஆமாம்."

"அவன் வந்தா நாங்கள்லாம் எந்திரிச்சி நிப்போம். புள்ள அழுதா வாயப் பொத்துவோம். அவன நான் மெரட்டுனனா?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. இளம் வயது வெள்ளைக்காரர், மலாய் நன்றாகப் பேசுவார், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. குற்றத்தை மறுக்கிறாள் என்று எழுதிக்கொண்டு, வழக்கை ஒரு வாரம் தள்ளி வைத்தார். போகிற போக்கில், குற்றம் நிரூபணமானால் ஜெயில் என்பதை அவளுக்குச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

சொன்னேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"இவள யாருகிட்ட விடுறது சாமி? எனக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லியே."

அது கோர்ட்டைப் பார்த்துச் சொன்னது இல்லை, என்னைக் கேட்டது. மொழிபெயர்ப்பாளனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் அவன் பதில் சொல்லக்கூடாது. ஆகவே அதையும் ஆங்கிலத்தில் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

காதர் அண்ணன், பாக்கியம்

அன்று மத்தியானம் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்து மர நிழலில் நாசி கண்டார் சாப்பிட உட்கார்ந்தோம். கூடையைத் தோளில் தூக்கி வந்து இறக்கிச் சோறு போடுகிறவரிடம் எங்களுக்குப் பல வருஷக் கணக்கு. எங்களுக்கு என்றால் எனக்கும் காதர் மைதீன் அண்ணனுக்கும். அவர் என்னைவிட மூத்த மொழிபெயர்ப்பாளர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்.

"என்னா தம்பி வைத்தி, சோறு ஆறுது. கையக் கழுவிட்டு என்னா யோசன பண்றே?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்டேஷனில் போட்ட சொல் என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கறி பிசைவதை நிறுத்தினார்.

"நீ கோர்ட்ல எந்திரிச்சுச் சொல்ல முடியாதுலா. நம்ம வாயி அவங்க வாயி. நம்ம சொந்த வாயத் தொறந்தா வேல போயிடும்."

"சாட்சியாக ஏறிச் சொல்லலாம் அண்ணே."

"ஏறலாம். ஏறுனா அந்தக் கேசுல நீ மொழிபெயர்க்க முடியாது. துரைமாருக்கு ஒன் மேல நம்பிக்கையும் போயிடும். அடுத்த மாசம் சீஃப் எடம் காலியாவுது, ஒனக்குத்தான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. யோசிச்சுக்கலா."

அந்தப் பதவி எனக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் அனுதாபம் தேடுகிறேன் என்று நினைப்பீர்கள். எனக்கு வேண்டியது அனுதாபம் இல்லை, பாராட்டு.

வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். பதவி, கடமை, கோர்ட்டு மரபு, மொழிபெயர்ப்பாளனின் நிலை என்று நான் நீளமாகப் பேசிக்கொண்டே போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பிழை விட்டது ஆர்?"

"நான்தான்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. இதுக்கு ஏன் இவ்வளவு கதை?"

சீஃப் மொழிபெயர்ப்பாளர் பதவியைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். "ஏன், இப்ப சோறு கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுக் கீரையோடு உள்ளே போய்விட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

மறுபடியும் கூண்டு

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். நாக்கு ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன் அல்லவா? ஒரு வழியாகப் பிரிந்தது. சத்தியம் செய்தேன். என் இடத்தில் காதர் அண்ணன் நின்றார். என் சாட்சியத்தை அவர்தான் தமிழில் அஞ்சலைக்குச் சொல்ல வேண்டும். கண்ணைச் சிமிட்டுவார் என்று நினைத்தேன். சிமிட்டவில்லை. என்னை முன்பின் தெரியாதவரைப் போல நின்றார். அவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளர் அவர்.

கோவிந்தன் தன் புகாரையும் அஞ்சலை தன் புருஷன் செத்த விதத்தையும் எனக்கு முன்பே கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, புகார்க்காரன் சொன்னது பயமாக இருக்கிறது என்பதுதான், இன்டிமிடேட் என்பது நான் சேர்த்தது. மற்றது, மண்ணை வாரி விடுவது எங்கள் மக்களிடம் என்ன வழக்கம் என்பது. யார் செய்வார்கள், எப்போது செய்வார்கள், பொய்யாகச் செய்தால் யாருக்கு ஆபத்து என்று எல்லாம் சொன்னேன்.

"ஏன் அந்தச் சொல்லைச் சேர்த்தீர்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அழகாக இருந்தது, ஸார்."

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. என் காது சூடானது. காதர் அண்ணன் அதையும் தமிழில் அஞ்சலைக்குச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். என் ஆங்கிலத்தைப் புகழ்ந்த அதே மனிதர். முகத்தில் இப்போது அந்தப் புன்னகை இல்லை.

"உங்கள் வாசலில் ஒருத்தி இப்படி மண்ணை எறிந்தால் நீங்கள் பயப்படுவீர்களா?"

இதுதான் இக்கட்டு. பயப்பட மாட்டேன் என்றால் வழக்கு முடிந்தது. ஆனால் இப்போதுதான் சத்தியம் செய்திருந்தேன்.

"பயப்படுவேன்" என்றேன்.

"அவ்வளவுதான், யுவர் ஒர்ஷிப்" என்று இன்ஸ்பெக்டர் உட்காரப் போனார்.

"சாட்சி இன்னும் முடிக்கவில்லை" என்றார் மாஜிஸ்திரேட்.

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே நல்ல ஆங்கிலம் அன்று பேசியதுதான். அதில் நீளமான சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் சொன்னதன் தமிழ் இது:

"அவள் சொல்வது பொய் என்றால் சட்டையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுவேன். உண்மை என்றால் எனக்கு மூன்று நாள் சோறு இறங்காது. இன்டிமிடேட் என்றால் வெளியிலிருந்து பயத்தைக் கொண்டுவந்து ஒருவனுக்குள்ளே வைப்பது. இந்தப் பெண் கொண்டுவந்தது மண் மட்டும்தான், ஸார். பயம் அவனிடம் முன்னாலேயே இருந்தது."

காதர் அண்ணன் இதைத் தமிழில் சொன்னபோது கடைசி வாக்கியத்தில் அவர் குரல் கொஞ்சம் ஏறியது. மொழிபெயர்ப்பாளன் குரலை ஏற்றக்கூடாது. அவர் ஏற்றினார்.

மாஜிஸ்திரேட் கோவிந்தன் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் சாப்பிடவில்லை என்று சொன்னாய்?"

"மூணு நாளுங்க தொரை."

"செத்தவன் அன்றைக்குக் குடித்திருந்தானா?"

காதர் அண்ணன் கேள்வியைத் தமிழில் சொன்னார். மாஜிஸ்திரேட் அவசரப்படுத்தவில்லை. கோவிந்தன் அஞ்சலையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தான்.

"இல்லீங்க தொரை" என்றான் கடைசியில். "காச்சல்தாங்க. காச்ச உடம்போடத்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்."

இதைச் சொன்னதும் அவன் உட்கார்ந்துவிட்டான், யாரும் உட்காரச் சொல்லாமலே. அந்த மனிதன்மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல அவனுக்கும் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

மாஜிஸ்திரேட் எழுதினார். அஞ்சலை யாரையும் இன்டிமிடேட் செய்யவில்லை, அவளை விடுதலை செய்கிறேன் என்றார். காதர் அண்ணன் அதைச் சுருக்கிவிட்டார். "அம்மா, ஒம்மேல குத்தம் இல்ல. புள்ளயத் தூக்கிட்டு வீட்டுக்குப் போலாம்."

அவள் போகவில்லை. கூண்டிலிருந்து இறங்கி, நான் நிற்கிற கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்த ஐயா என்ன தப்புப் பண்ணாரு?" என்று காதர் அண்ணனைக் கேட்டாள். "எனக்காவ இவர ஏன் கூண்டுல ஏத்துனாங்க?"

கூண்டில் நிற்பவன் எல்லாம் குற்றவாளி என்றுதான் அவளுக்குத் தெரியும். காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கோர்ட்டில் ஒருவருக்கு நான் என் சொந்த வாயால் பதில் சொன்னேன்.

"தப்புப் பண்ணினவன் நான்தான் அம்மா. நான் எழுத வைத்த சொல்தான் உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"நீங்க எழுதுனா அது நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிற்கும்."

"அப்ப எம் புருசன் குடிக்கலன்னு எழுதுங்க."

மாஜிஸ்திரேட் ஏற்கனவே எழுதிவிட்டார் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவர் எழுதியதை அவளால் படிக்க முடியாது, அவர் பேசுவதும் புரியாது. காதர் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் மாஜிஸ்திரேட் தன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வரியைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே போனாள். எனக்குக் கும்பிடு போடவில்லை. அதற்காக அவளை நான் இன்றும் மதிக்கிறேன்.

எத்தனையோ வழக்கில் எத்தனையோ பேருடைய பேச்சை ஆங்கிலமாக்கியிருக்கிறேன். பெரிய வக்கீல்கள் என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். நான் பெருமைப்படுவது அன்று காலை ஒன்றுக்குத்தான், அதுவும் கொஞ்சமாக இல்லை.

அந்த மாஜிஸ்திரேட்டின் புத்தகம் பிறகு வந்த யுத்தத்தில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். அஞ்சலையின் கணவர் பெயர் முத்தன். அன்று அவர் குடித்திருக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல்.